கிரகணத்துக்கு வெட்டிய படம்

என் அலுமாரியின் மேல்தட்டில், சாறிகளுக்கு அடியில், ஒரு கறுப்புத் துண்டு இருக்கிறது. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தால் மறைந்துவிடும் அளவு. இரண்டு பக்கம் நேராக இருக்கும். ஒரு பக்கம் கத்தரிக்கோல் தடுமாறிய நெளிவோடு இருக்கும். மற்றப் பக்கம் அழகான அரைவட்டமாக உள்ளே குடைந்திருக்கும். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் அது வெறும் கறுப்பல்ல என்பது தெரியும். புகை நிறத்தில் ஒரு தோளெலும்பு, அதன் கீழே சாய்ந்து இறங்கும் விலா எலும்புகள், அவற்றுக்கு நடுவே மிளகளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. மேல்மூலையில் சின்ன ஆங்கில எழுத்துகளில் அப்பாவின் பெயரும் ஒரு திகதியும். அது அப்பாவின் நெஞ்சில் கால்வாசி. மீதி முக்கால்வாசி கைவிட்டுப் போய்விட்டது.

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் அப்பாவுக்கு ரீபி என்கிற கசநோய் வந்தது. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்பா எங்கள் ஊர்ச் சங்கக்கடையின் மனேச்சர். ஊருக்கே அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுக்கிறவருக்கு இருமல் என்று தெரிந்தால் யார் வாங்குவார்கள்? அதோடு வீட்டில் ஒரு பெண்பிள்ளை. நாளைக்கு இதைக் கேள்விப்பட்டுவிட்டு யார் பெண் கேட்டு வருவார்கள்? இரண்டு கேள்விகளுக்கும் அம்மா ஒரே பதிலைக் கண்டுபிடித்தார். அப்பா தூரத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாதங்களில், அவருக்குக் கொழும்புக்கு மாற்றம் கிடைத்திருப்பதாக எங்கள் ஒழுங்கையின் எல்லா வீடுகளிலும் சொல்லிவைத்தார். அப்பா சுகமாகி, கன்னமெல்லாம் சதை வைத்து, திரும்பி வந்தார். அதன் பிறகு அந்தக் காலத்தைப் பற்றிப் பேச நேர்ந்தால் எங்களுக்குள்ளேயே 'அப்பா கொழும்பில் நின்றபோது' என்றுதான் பேசிக்கொண்டோம். பொய்யென்ற எண்ணமே இல்லாமல், அது எங்கள் குடும்பத்தின் வரலாறாகிவிட்டது.

சுகமான பிறகு ஒருமுறை எடுத்த எக்ஸ்ரே படம் மட்டும் அலுமாரிக்குப் பின்னால் செருகிக் கிடந்தது. அதற்குச் சில வருடங்கள் கழித்துச் சூரிய கிரகணம் வந்தது. ஒழுங்கையில் எல்லா வீடுகளும் கதவைச் சாத்தின. தண்ணீர்க் குடங்களை மூடிவைத்தார்கள். அப்பா மட்டும் முற்றத்தில் இறங்கி, "சந்திரன் சூரியனை மறைக்கிறதுக்கு நாங்கள் ஏன் ஒளிக்கவேணும்?" என்று சத்தமாகக் கேட்டார். பிறகு அந்தப் படத்தை எடுத்துவந்து, கூப்பன் சீனியைப் பங்கிடும் அதே நேர்மையோடு நாலு துண்டாக வெட்டினார். ஒன்று எங்களுக்கு. மற்ற மூன்றும் பிள்ளைகள் இருந்த மூன்று வீடுகளுக்கு. யாருடைய படம் என்று கேட்டவர்களுக்கு, "ஆஸ்பத்திரியில கழிச்சு விட்ட படம். ஆரோ ஒரு மனிசன்" என்றார். அந்த யாரோ ஒரு மனிதனின் நெஞ்சுக்கூட்டுக்குள்ளால்தான் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோரும் சூரியன் கடிபடுவதைப் பார்த்தோம்.

இதையெல்லாம் நான் மறந்தே போயிருந்தேன். அம்மா காலமான பிறகு நான் கனடாவுக்கு வந்தேன், கலியாணம் செய்தேன், மகள் பிறந்தாள். ஸ்காபரோவில் ஐந்தாம் மாடியில் ஒரு அப்பார்ட்மென்ற். வதிவிட உரிமை கிடைத்ததும் முதல் வேலையாக அப்பாவை ஸ்பொன்சர் செய்தேன். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவழியாகக் கடல்நீரேரி கடந்து, கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் ஒரு கட்டில் எடுத்துக் காத்திருந்தார். அந்த நாள்களில் தமிழர் லொட்ஜ் என்றால் பொலிஸ் எந்த நேரமும் வந்து கதவைத் தட்டும். ரெலிபோன் அடித்தால் பயம்; அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். போதாக்குறைக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். மூத்தவள் பிறந்தபோது என் பக்கத்தில் என் வீட்டார் என்று ஒருவருமில்லை. இந்த முறையாவது அப்பா இருக்கவேண்டும் என்று நான் விரும்பினேன். விரும்பியதைவிட, அது நடக்காமல் போகக்கூடிய வழிகளைத்தான் அதிகம் யோசித்தேன். என் சுபாவம் அப்படி.

மருத்துவப் பரிசோதனை முடிந்த சனிக்கிழமை காலையில் வெள்ளவத்தை ரெலிபோன் கடையிலிருந்து அப்பா கதைத்தார்.

"பிள்ளை, நெஞ்சில ஏதோ புள்ளி தெரியுதாம்."

"முந்தின நெஞ்சு வருத்தத்தைப் பற்றிச் சொன்னீங்களோ அப்பா?"

"முந்தி ஏதும் பெரிய வருத்தம் வந்ததோ எண்டு டொக்டர் கேட்டவர். நான் சொல்லத்தான் நினைச்சன். வாய் தன்ர பாட்டில இல்லையெண்டு சொல்லிப்போட்டுது. இவ்வளவு காலமும் பழகின வாய்தானே!"

டொக்டர் கோபிக்கவில்லையாம். ஆனால் இல்லையென்ற வாய்க்கும் இருக்கிறதென்ற படத்துக்கும் நடுவில் அவர் எதை நம்புவார்? இது பழைய, ஆறிய தழும்புதான் என்றால் அதற்குச் சாட்சி வேண்டும் என்றிருக்கிறார். முன்பு எடுத்த படம் ஒன்றில் இதே புள்ளி இதே அளவில் இருந்தால் போதும். இல்லையென்றால் சளிப் பரிசோதனை, பிறகு காத்திருப்பு, மறுபடி படம், மறுபடி காத்திருப்பு. அதற்குப் பிறகும் முடிவு எப்படி வருமென்று சொல்லமுடியாது.

"அந்தப் பழைய படம் எங்க அப்பா?"

அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"அதைத்தானே பிள்ளை கிரகணத்துக்கு வெட்டினது."

பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டு நின்ற என் கணவர் வெடித்துச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. "இதில சிரிக்க என்ன இருக்கு?" என்று அவரைக் கடிந்துகொண்டேன். "இல்லை, கனடாவுக்கு வாற மனிசர் காணி வித்துப்போட்டு வருவினம், நகை வித்துப்போட்டு வருவினம். உம்மட அப்பா நெஞ்சையெல்லே ஊருக்குப் பிரிச்சுக் குடுத்திட்டு வாறார்" என்றார். அழுதுகொண்டே நானும் சிரித்தேன்.

எந்த வீட்டுக்கு எந்தத் துண்டு போனதென்று அப்பாவுக்கு நினைவிருந்தது. எங்களுடையது, விட்டுவந்த வீட்டோடு போய்விட்டது. முன்வீட்டார் பாரிசில், அவர்களிடம் மெதுவாக விசாரித்ததில், கிரகணம் முடிந்த கையோடு அதை எறிந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. இன்னொரு வீட்டார் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதே தெரியவில்லை. நாலாவது துண்டு மூலைவீட்டுத் தையல் அன்ரிக்குக் கொடுத்தது. அன்ரி இருப்பது ரெக்ஸ்டேலில், மகனோடு. ரொறன்ரோவின் கிழக்குக் கரையில் நான், மேற்குக் கரையில் அவர். ஊரில் இரண்டு வேலி தாண்டினால் அவர் வீடு. இங்கே ஒரு பஸ், ஒரு சப்வே, மறுபடி ஒரு பஸ்.

ரெலிபோனில் கேட்டிருக்கலாம். மூன்று முறை எண்ணை அழுத்திவிட்டுத் தொடர்பை வெட்டினேன். என்னவென்று கேட்பது? அம்மா தன் வாழ்நாளெல்லாம் கட்டிக்காத்த கொழும்பு மாற்றத்தை நான் ஒரு வாயில் உடைத்துவிட்டால்? அன்ரி வீட்டுக்குத் தைக்க வருகிறவர்கள் நகரத்தின் பாதித் தமிழ்ப் பெண்கள். வந்து இறங்குவதற்கு முன்பே அப்பாவுக்கு 'கசக்காரர்' என்று பெயர் வந்துவிட்டால்? சொல்லாமல் விட்டால் அப்பா வரமாட்டார். சொன்னால் வருகிறவர் தலைநிமிர்ந்து நடக்கமாட்டார். கடைசியில் ஒரு கோழைத்தனமான வழியைப் பிடித்தேன். பட்டுத்துணி ஒன்றை வாங்கிக்கொண்டு, சாறிச் சட்டை தைக்கப்போகிறவளைப்போல, மகளையும் கூட்டிக்கொண்டு பனிக்குள்ளே புறப்பட்டேன். வழியில் பேச்சுவாக்கில் கேட்பதற்குப் பல விதமான வசனங்களைத் தயார்செய்தேன். ஒன்றும் உருப்படியாக வரவில்லை.

அன்ரியின் அறையில் தையல் மெசினும், இஸ்திரி மேசையும், துணி மலைகளும் போக, மனிதர் நிற்க ஒரு பாய் அளவு இடம்தான் இருந்தது. அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். மகளின் கன்னத்தைக் கிள்ளினார். பிறகு அளவு நாடாவை என் இடுப்பில் சுற்றி, ஒரு கணம் நின்று, என் முகத்தைப் பார்த்தார்.

"எத்தினையாம் மாசம்?"

"நான் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை அன்ரி."

"நாடாவுக்குச் சொல்லத் தேவையில்லை மோனை. பக்கத்தில துணி மிச்சம் விட்டுத் தைக்கிறன், பிறகு பிரிச்சு விடலாம்."

நான் வானிலை பேசினேன். பஸ் தாமதத்தைப் பேசினேன். அப்பா கொழும்பில் நிற்கிறார் என்று மட்டும் சொன்னேன். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. அன்ரி சுவரில் ஆணியில் தொங்கிய கட்டு ஒன்றை எடுத்தார். கழுத்து வெட்டும் மாதிரிகள். பிறவுண் பேப்பர், சீரியல் பெட்டி மட்டைகள், பழைய கலண்டர்த் தாள்கள். அவற்றை ஒவ்வொன்றாக மேசையில் போட்டபோது, நடுவிலிருந்து கறுப்பாக ஒன்று வழுக்கி விழுந்தது. மகள் ஓடிப்போய் அதை எடுத்தாள். யன்னலில் பனி வெளிச்சம். அதற்கு நேரே பிடித்தாள்.

"அம்மா! எலும்பு!"

அன்ரி துணியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "ஓம் மோனை. அது உன்ர அம்மப்பான்ர நெஞ்சு. கவனமாப் பிடி, வளைக்காதை" என்றார்.

நான் துணி மலை ஒன்றின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"மேல்மூலையில பேர் வெள்ளையா எழுதிக் கிடக்குதே. உன்ர அப்பா கெட்டிக்காரன்தான், ஆனால் படத்தை வெட்டத் தெரிஞ்சவருக்குப் பேரை வெட்டத் தெரியேல்லை."

"ஒழுங்கையில வேற ஆருக்கும்..."

"ஆருக்குத் தெரியாது? சங்கக்கடைக்குக் கொழும்பில எங்க கிளை இருக்கு, மாற்றம் குடுக்கிறதுக்கு? உன்ர அம்மா சொல்லேக்க நாங்களும் ஓம், ஓம் எண்டு கேட்டனாங்கள். அவவுக்கு அது ஒரு ஆறுதல். பிறகேன் நாங்கள் உடைக்கிறது?"

அன்ரிக்கு ஏதோ நினைவு வந்து தோள் குலுங்கச் சிரித்தார். "ஆனால் பொய் சொல்லக்கூடாது. உன்ர அப்பா இந்தத் துண்டைக் கொண்டுவந்து தந்த உடன நான் டெற்றோல் போட்டுத் துடைச்சனான். பிறகுதான் யோசிச்சன், படத்தில இருந்து வருத்தம் தொத்துமோ எண்டு!"

எத்தனை வருடங்கள் அந்த ஒழுங்கை முழுவதும் எங்களுக்காக ஒன்றும் தெரியாததுபோல நடித்திருக்கிறது. அதே சங்கக்கடையில் அதே அப்பாவின் கையால் அரிசியும் வாங்கியிருக்கிறது. இரகசியத்தைக் காப்பாற்றியது அம்மா என்று நினைத்திருந்தேன். ஒழுங்கையாரும்தான் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்த நினைப்பில் எனக்குக் கண் கலங்கியது. அன்ரி அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு, "இப்ப ஏன் அழுகிறாய்? என்ன வேணும், சொல்லு" என்றார். தயார்செய்த வசனங்கள் ஒன்றும் தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

கிரகணம் முடிந்ததும் அன்ரி அந்தத் துண்டில் ஒரு கழுத்து வளைவை வெட்டி வைத்திருக்கிறார். மட்டை நனையும், பேப்பர் கிழியும். இது ஒன்றும் ஆகாதாம். இடம்பெயர்ந்தபோதும், இந்தியாவுக்குப் போனபோதும், கனடாவுக்கு வந்தபோதும் மாதிரிக் கட்டோடு அதுவும் வந்திருக்கிறது. நல்லகாலம், வளைவு குடைந்தது கீழ்ப்பக்கத்தை. மேல்மூலையில் பெயரும் திகதியும் இருந்தன. தோளெலும்புக்குக் கீழே அந்த வெள்ளைப் புள்ளியும் இருந்தது. அன்ரி சீரியல் பெட்டி ஒன்றை விரித்து, படத்தின் வளைவைப் பென்சிலால் கீறிக்கொண்டு, என்னிடம் தந்தார். "அலுவல் முடிய எனக்குத் திருப்பித் தந்திடவேணும். இந்த ரவுண்ட் வேற ஒண்டிலயும் வராது."

கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்ப ஏற்பாடாயிற்று. அப்போது எனக்குப் புதிய பயம் ஒன்று பிடித்தது. விமான நிலையத்தில் பெட்டிகளை எக்ஸ்ரே மெசினுக்குள் விடுவார்களே, எக்ஸ்ரே படத்தின்மேல் இன்னொரு எக்ஸ்ரே விழுந்து, அப்பாவின் விலா எலும்புகளுக்கு நடுவில் யாருடையதோ சவரக்கத்தியும் பல்தூரிகையும் பதிந்துவிட்டால்? கணவரிடம் சொன்னால் சிரிப்பார். எங்கள் பிளாசாவிலிருந்த படம் கழுவும் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். கழுவி முடிந்த படத்தில் இனி எதுவும் பதியாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். வாசல்வரை போய், திரும்பிவந்து, "நிச்சயமாகவா?" என்று மறுபடியும் கேட்டேன்.

அடுத்து அப்பா கதைத்தபோது அவர் குரலே மாறியிருந்தது. டொக்டரிடம் பழைய வருத்தத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். டொக்டர் புதிய படத்தையும் பழைய துண்டையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, நீண்ட நேரம் பார்த்திருக்கிறார். புள்ளி அதே இடத்தில், அதே அளவில்.

"பிறகு அந்த வளைவைக் காட்டி, இதென்ன வெட்டெண்டு கேட்டார். கழுத்து, டொக்டர், எண்டன். ஆற்ற கழுத்து எண்டார். தெரியாது டொக்டர், கனபேற்ற எண்டன். மனிசன் கண்ணாடியைக் கழட்டி வைச்சிட்டுச் சிரிக்குது, பிள்ளை! நேர்ஸ் பிள்ளை உள்ளுக்கு வந்து, நல்ல ரவுண்டாக் கிடக்கு, நான் ஒருக்காக் கீறி எடுக்கட்டோ எண்டு கேட்டவ."

"குடுத்தனீங்களோ?"

"குடுக்காமல்? பேப்பர் நானெல்லோ பிடிச்சனான்!"

பனி உருகத் தொடங்கிய காலத்தில் அப்பா வந்து சேர்ந்தார். விமான நிலையத்துக்கு அன்ரி தைத்த சட்டையைத்தான் உடுத்திப் போனேன். பெரிய கோட்டுக்குள்ளே அது யாருக்கும் தெரிந்திருக்காது. அப்பா ஒரு கையில் சின்னப் பெட்டியும், மற்றக் கையில் மார்போடு அணைத்துப் பிடித்த பெரிய கடித உறையுமாக வெளியே வந்தார். உறையில் அவருடைய புதிய எக்ஸ்ரே, முழுசாக. அதற்குள்ளேயே பழைய துண்டும். முதன்முதலாகத் தன் பேத்தியைப் பார்த்தவர், அவளைத் தூக்குவதற்காக அந்த உறையை என் கையில் தந்து, "மடிச்சுப்போடாதை, கவனம்" என்றார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சி, இங்கே குளிர் அதிகம் என்றார்.

அவர் வந்து சில வாரங்களில், நம்பினால் நம்புங்கள், ரொறன்ரோவில் சூரிய கிரகணம். மே மாதத்து மத்தியானம், வானத்தில் பொட்டு மேகமில்லை. வானொலி எச்சரித்தது, மகளின் பாலர் வகுப்பிலிருந்து எச்சரிக்கை வந்தது. அன்ரி ரெக்ஸ்டேலிலிருந்து ரெலிபோன் எடுத்து, "வயித்துப்பிள்ளையோட வெளிய இறங்காதை" என்று எச்சரித்தார். மூன்றையும் நான் நம்பினேன். எக்ஸ்ரேக்குள்ளால் சூரியனைப் பார்ப்பது கண்ணுக்குக் கூடாது என்று அப்பாவுக்குக் கண்டிப்பாகச் சொன்னேன். "அதுக்குள்ளால பார்த்த நீ இப்ப குருடியோ?" என்று கேட்டார், ஆனால் என் சொல்லைக் கேட்டுக்கொண்டார். குசினிக்குப் போய், சோறு வடிக்கும் வடிதட்டை எடுத்தார். ஒரு கையில் வடிதட்டு, மறுகையில் பேத்தி, அக்குளில் அந்தக் கறுப்புத் துண்டு. "அது எதுக்கு அப்பா?" என்றேன். "பழைய ஆள். அதுவும் வரட்டும்" என்றார்.

நான் வெளியே போகவில்லை. பல்கனி உள்ளேயா வெளியேயா என்று அன்ரி சொல்லியிருக்கவில்லை. கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு கீழே பார்த்தேன்.

புல்தரையில் அப்பா சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வடிதட்டை உயர்த்திப் பிடித்திருந்தார். கட்டடத்தின் சுப்பிரின்டெண்டன் வந்தார். மூன்றாம் மாடிப் பெண்கள் வந்தார்கள். முன்பின் தெரியாத பிள்ளைகள் ஓடிவந்தார்கள். எல்லோரும் குனிந்து சீமெந்துப் பாதையைப் பார்த்தார்கள். வடிதட்டின் ஒவ்வொரு ஓட்டையும் தரையில் ஒரு பிறையை விழுத்தியிருந்தது. ஐந்தாம் மாடியிலிருந்து எனக்குப் பிறைகள் தெரியவில்லை. மகள் ஒவ்வொன்றாக மிதித்து மிதித்துத் துள்ளுவது தெரிந்தது. வெளிச்சம் மங்கி, பகல் ஒருவித வெள்ளி நிறமாயிற்று.

அப்போது சுப்பிரின்டெண்டன் அப்பாவின் அக்குளில் இருந்ததைக் காட்டி ஏதோ கேட்டார். அப்பா வடிதட்டைப் பேத்தியிடம் கொடுத்தார். படத்தை எடுத்து, சூரியன் இல்லாத பக்கத்து வானத்துக்கு நேராக உயர்த்தி, எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சங்கக்கடையில் வரிசையைக் கூப்பிடும் அதே பெரிய குரலில், தன் மார்பைத் தட்டித் தட்டிச் சொன்னார். அது ஐந்து மாடி ஏறி என்னிடம் வந்தது.

"மை செஸ்ற்! ஓல்ட் ரீபி! நோ ப்ரொப்ளம்!"

சுப்பிரின்டெண்டன் கைதட்டினார். நான் என்னை அறியாமல் இரண்டு காலையும் வெளியே வைத்துவிட்டேன்.

மகன் எந்தக் குறையுமில்லாமல் பிறந்தான். அவனை முதலில் கையில் ஏந்தியவர் அப்பா. இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். அப்பா தன் பெரிய படத்தை உறையோடு கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறார்; அதை வெட்டவிடமாட்டேன் என்று நான் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன். சின்னத் துண்டை, வாக்குக் கொடுத்தபடி, அன்ரியிடம் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வாங்கி யன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மட்டையில கீறினதே போதும், இதை நீயே வைச்சிரு" என்று என்னிடமே தந்துவிட்டார். சாறி எடுக்கும்போதெல்லாம் அது கையில் தட்டுப்படும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். மிளகளவுப் புள்ளி அதே இடத்தில் இருக்கும். பக்கத்து அறையில், அதன் சொந்தக்காரர் பேரப்பிள்ளைகளோடு சண்டைபிடித்துக்கொண்டு, ஆரோக்கியமாக, பெரிய சத்தத்தில் சிரிப்பது கேட்கும்.